ஓடுகிற ஓட்டலுக்கு என்ன விலை?

தமிழகத்தின் மாவட்டத் தலைநகரங்களிலும் தாலுகா ஊர்களிலும் ஓட்டல்கள் அடிக்கடி கைமாறுகின்றன. நடத்தியவருக்கு வயதாகிவிடுகிறது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள், அல்லது கடன் நெருக்குகிறது. வாங்க வருபவர் பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து சேமிப்போடு திரும்பியவராகவோ, ஓய்வுத்தொகையைக் கையில் வைத்திருப்பவராகவோ, பல வருடம் மாஸ்டராக நின்றுவிட்டுச் சொந்தக் கல்லாவில் உட்கார நினைப்பவராகவோ இருக்கிறார். புதிதாகக் கடை போட்டால் வாடிக்கை சேர நாளாகும், ஓடுகிற கடையை எடுத்தால் முதல் நாளே வியாபாரம் என்பது அவர் போடும் கணக்கு. கணக்கில் தவறில்லை. ஆனால், அந்த வியாபாரம் எதன்மேல் நிற்கிறது, விற்பவரோடு போய்விடுமா, வாங்குபவரிடம் தங்குமா என்று பார்க்காமலேயே பல இடங்களில் பணம் கைமாறிவிடுகிறது.

ஓடுகிற ஓட்டல் மூன்றின்மேல் நிற்கிறது: இடம், சமைக்கிற கை, பெயர். மூன்றும் எழுத்துமூலம் வாங்குபவரிடம் வந்துசேர்ந்தால் அவர் ஒரு தொழிலை வாங்கியிருக்கிறார். வராவிட்டால் அவர் வாங்கியது பழைய பாத்திரங்களை மட்டும்தான்.

விலைக்குள் இருக்கும் மூன்று தொகைகள்

‘மொத்தமாக 35 லட்சம்’ என்று தரகர் சொல்லும் விலைக்குள் மூன்று வேறுவேறு தொகைகள் கலந்திருக்கும். முதலாவது, கட்டட உரிமையாளரிடம் இருக்கும் அட்வான்ஸ். இது கடையைக் காலி செய்யும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ஆனால் விற்பவர் வாடகை பாக்கி வைத்திருந்தால் அதில் ஒரு பகுதி ஏற்கெனவே கழிந்திருக்கும். எனவே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதைக் கட்டட உரிமையாளரே எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். விற்பவரின் வாய்வார்த்தை போதாது.

இரண்டாவது, தளவாடங்கள். கிரைண்டர், தோசைக்கல், பாய்லர், குளிர்பதனப் பெட்டி, மேசை நாற்காலி ஆகியவற்றுக்கு விற்பவர் வாங்கிய விலையைச் சொல்வார். பழைய ஓட்டல் சாமான்களை வாங்கி விற்கும் கடைக்காரர் என்ன தருவாரோ அதுவே உண்மையான மதிப்பு. குளிர்பதனப் பெட்டியும் பில் போடும் இயந்திரமும் தவணையில் இருக்கக்கூடும். ஐஸ்கிரீம் பெட்டி கம்பெனியுடையதாக இருக்கும். எது யாருடையது என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் எழுத வேண்டும்.

மூன்றாவது, குட்வில். சில ஊர்களில் இதைப் பகடி என்பார்கள். முதல் இரண்டையும் கழித்தபின் நிற்கும் தொகை இது. பெரும்பாலும் இதுவே பெரிய தொகை. பேரத்தில் ஆராயப்பட வேண்டியதும் இதுதான்.

விற்பனையைக் கண்டுபிடிப்பது

‘தினம் 50,000 ஓடுகிறது’ என்பது பேரத்தின் முதல் வாசகம். இதைச் சோதிக்க ஓட்டலின் பின்வாசல் நல்ல இடம். விடியற்காலையில் எத்தனை லிட்டர் பால் இறங்குகிறது, எத்தனை கட்டு வாழை இலை வருகிறது, எத்தனை தட்டு முட்டை எடுக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை 19 கிலோ சிலிண்டர் மாறுகிறது என்று இரண்டு வாரம் எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். ஒரு லிட்டர் பாலில் ஏறத்தாழ எட்டிலிருந்து பத்து காபி போடலாம். தினம் 400 காபி விற்பதாகச் சொல்லும் கடைக்கு 15 லிட்டர் பால்தான் வருகிறதென்றால், மீதிக் காபி சொல்லில் மட்டும்தான் இருக்கிறது. இலைக்கட்டு மதியச் சாப்பாட்டின் எண்ணிக்கையைச் சொல்லும். பார்சல் கவர் வாங்கிய ரசீது பார்சல் விற்பனையைச் சொல்லும்.

அடுத்த சான்று வங்கிக் கணக்கு. ஜிபே, போன்பே போன்றவை வழியாக வரும் பணம் நாள்வாரியாகப் பதிவாகிறது. ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்களுக்கு அந்த நிறுவனங்கள் தரும் கணக்கறிக்கை இருக்கிறது. ரொக்கம் எவ்வளவு என்பதை இவற்றோடு ஒப்பிட்டு மதிப்பிடலாம். கடைசி ஒரு மாதத்தை மட்டும் பார்க்கக் கூடாது. விற்க முடிவெடுத்தவர் சில வாரம் தள்ளுபடி கொடுத்துக் கூட்டம் சேர்த்துவிட முடியும்.

மூன்றாவது சான்று ஜிஎஸ்டி. ஓட்டல்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் ஆண்டு விற்பனை 1.5 கோடி ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தினம் 50,000 என்றால், 360 நாளுக்கு 1.8 கோடி ஆகிறது. அப்படிச் சொல்பவர் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிறார் என்றால், ஒன்று அவர் வாங்குபவரிடம் மிகைப்படுத்துகிறார். அல்லது அரசிடம் குறைத்துக் காட்டுகிறார். இரண்டில் எதுவானாலும் நட்டம் வாங்குபவருக்கே. ‘கணக்கில் காட்டுவது பாதிதான், உண்மை வியாபாரம் இரண்டு மடங்கு’ என்ற பேச்சைத் தொழிலில் பலர் இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள். அதற்கு இடம் தரவே கூடாது. ரசீதும் வங்கிக் கணக்கும் காட்டாத விற்பனைக்கு ஒரு ரூபாய்கூட விலை இல்லை.

லாபமா, கூலியா?

விற்பனையைவிட முக்கியமானது மிஞ்சுவது. ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒரு நடுத்தர ஊரில் தினம் 30,000 ரூபாய் விற்கும் சைவ ஓட்டல், ஆண்டுக்கு 350 நாள் திறந்திருக்கிறது. ஆண்டு விற்பனை 1.05 கோடி. மளிகை, காய்கறி, பால், எண்ணெய், சம்பளம், வாடகை, எரிவாயு, மின்சாரம், வரி எல்லாம் போக நூற்றுக்குப் பத்து மிஞ்சுவதாக வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 10.5 லட்சம். விற்பவர் குட்வில்லாக 25 லட்சம் கேட்கிறார். ‘இரண்டரை வருடத்தில் எடுத்துவிடலாம்’ என்கிறார்.

இந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. காலை ஐந்து மணிக்கு மார்க்கெட் போவதும் இரவு பதினொரு மணிக்குக் கல்லாவை எண்ணுவதும் விற்பவர். மதியம் கல்லாவில் உட்காருவது அவர் மனைவி. இருவருக்கும் சம்பளம் இல்லை. அந்த வேலைகளுக்கு ஆள் வைத்தால் மாதம் 50,000 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு ஆறு லட்சம் போய்விடும். உண்மையான லாபம் 4.5 லட்சம்தான். 25 லட்சத்தை மீட்க ஐந்தரை வருடம் ஆகும். அந்தப் பணத்தை இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கியிருந்தால் ஆண்டு வட்டி மட்டுமே ஆறு லட்சம். லாபம் வட்டிக்கே காணாது.

லாபம் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சமையலறையில் 14.2 கிலோ வீட்டு சிலிண்டர் எரிகிறதா? மின் இணைப்பு வணிகக் கட்டணத்தில் இருக்கிறதா, வீட்டுக் கட்டணத்திலா? கட்டட உரிமையாளர் உறவினர் என்பதால் வாடகை குறைவாக இருக்கிறதா? இவற்றால் கூடித் தெரியும் லாபம் கடை கைமாறிய மறுநாள் மறைந்துவிடும்.

இடம்: வாடகைச் சீட்டே முதல் சொத்து

ஐந்தரை வருடத்தில் மீட்க வேண்டிய பணத்தை, மூன்று வருடம் மட்டுமே மிச்சமுள்ள வாடகை ஒப்பந்தத்தில் போடுவது தற்கொலைக்குச் சமம். ஓட்டல் வாங்குபவர் விற்பவரிடம் பேசும் அதே அக்கறையோடு கட்டட உரிமையாளரிடமும் பேச வேண்டும். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் கடைகளுக்கும் பொருந்தும். அதன்படி வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். உரிமையாளரின் எழுத்துமூலமான ஒப்புதல் இல்லாமல் உள்வாடகைக்கு விட முடியாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். 11 மாத ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதுப்பித்து இருபது வருடம் ஓட்டிய கடைகள் உண்டு. அது பழைய ஆளின் நட்பில் ஓடியது. புதிய ஆளுக்கு அந்த நட்பு இல்லை.

கோயில் கட்டடமாக இருந்தால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். இந்து சமய அறநிலையத் துறையின் 1959ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி தேவை. பேருந்து நிலையக் கடைகள் உள்ளாட்சி அமைப்பு ஏலத்தில் விடுபவை. உரிமம் ஏலம் எடுத்தவர் பெயரில் இருக்கும். இந்த இடங்களில் நடத்துபவருக்குள் நடக்கும் கைமாற்றுப் பேச்சு உரிமையாளரான கோயிலையோ நகராட்சியையோ கட்டுப்படுத்தாது.

இடத்தின் மதிப்பு ஊரின் போக்குவரத்தோடு சேர்ந்தது. சென்னைக் கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கத்துக்கு மாறின. அந்த முனையம் 2023 டிசம்பரில் திறக்கப்பட்டது. திருச்சியில் 2025ஆம் ஆண்டு பஞ்சப்பூர் ஒருங்கிணைந்த பேருந்து முனையம் செயல்பாட்டுக்கு வந்தது. பேருந்து இறங்கும் கூட்டத்தை நம்பிய ஓட்டலுக்கு இத்தகைய ஓர் அறிவிப்பே போதும், குட்வில் முழுவதும் போய்விட. புறவழிச்சாலை வருகிறதா, பேருந்து நிலையம் இடம் மாறுகிறதா, எதிரே இருக்கும் அலுவலகமோ கல்லூரியோ மாற்றப்படுகிறதா என்று நகராட்சியிலும் நெடுஞ்சாலைத் துறையிலும் விசாரித்துவிட வேண்டும்.

ஊருக்கென்று ஒரு நாள்காட்டியும் உண்டு. புரட்டாசியில் அசைவ ஓட்டலின் கல்லா மெலியும். கார்த்திகையிலும் மார்கழியிலும் தேனி, கம்பம், செங்கோட்டை வழித்தடங்களில் ஐயப்ப பக்தர்களால் சைவ ஓட்டல் நிரம்பும். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால்தான் தென்காசிப் பக்கம் வியாபாரம். சித்திரைத் திருவிழா மாதத்து விற்பனையை வைத்து மதுரைக் கடைக்கு விலை போடக் கூடாது. குறைந்தது பன்னிரண்டு மாதக் கணக்கைப் பார்க்காமல் விலை பேசுவது வீண்.

கை: மாஸ்டர் போனால் ருசி போகும்

சாம்பாரும் சட்னியும் எப்படி இருக்கும் என்பது சரக்கு மாஸ்டரின் கையில் இருக்கிறது. பரோட்டா கடைக்குப் பரோட்டா மாஸ்டர், டீக்கடைக்கு டீ மாஸ்டர். சிறிய ஊரில் நல்ல மாஸ்டரின் பெயர் எல்லா முதலாளிகளுக்கும் தெரியும். ஓட்டல் கைமாறும் செய்தி பரவிய அன்றே அடுத்த தெரு ஓட்டலிலிருந்து அவருக்கு அழைப்பு வரும். எனவே வாங்குபவர் விலை முடிக்கும் முன்பே மாஸ்டர்களோடு நேரில் பேசி, சம்பளத்தையும் வேலை நேரத்தையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். மசாலா அளவுகள், மாவு அரைக்கும் பக்குவம், எந்த மில்லில் அரிசி, எந்தக் கடையில் மிளகாய் என்பதை எழுதி வாங்குவதும் கைமாற்றத்தின் ஒரு பகுதிதான்.

ஓட்டல் தொழிலாளர்களுக்கு முதலாளி முன்பணம் கொடுத்துவைப்பது வழக்கம். அந்தத் தொகை விற்பவருடையதா, இனி வாங்குபவருடையதா என்று பேசித் தீர்க்காவிட்டால் முதல் சம்பள நாளிலேயே சண்டை வரும். பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனத்தில் ஐந்து வருடம் பணியாற்றியவருக்கு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உண்டு. பதினைந்து வருடம் வேலை பார்த்த சப்ளையரைத் தொடர்ந்து வைத்துக்கொண்டால் அந்தப் பதினைந்து வருடத்துப் பொறுப்பும் கூடவே வரும். அவருக்கு அதைக் கொடுப்பது கடமை. அதற்கான தொகையை விலையில் கழிப்பது வாங்குபவரின் உரிமை.

பெயர்: பலகையில் எழுதியது யாருடையது?

திண்டுக்கல்லில் 1957இல் நாகசாமி நாயுடு தொடங்கிய ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல், அவர் தலையில் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்றது. அந்தப் பெயரைப் பிறர் பயன்படுத்தியது பின்னாளில் சென்னை உயர் நீதிமன்றம்வரை வழக்காகப் போனது. ஒரு பெயருக்கு அவ்வளவு விலை இருக்கிறது. ஆனால் சிறிய ஊர்களில் பெரும்பாலான ஓட்டல் பெயர்கள் வணிகக் குறியீடாகப் பதிவு செய்யப்படாதவை. ஒரே பெயரை அண்ணனும் தம்பியும் இரண்டு தெருவில் வைத்திருப்பார்கள். வாங்கும் முன் பதிவேட்டில் 43ஆம் வகுப்பில் தேடிப்பார்த்து, பெயரை எழுத்துமூலம் மாற்றிக்கொண்டு, தன் பெயரில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கூகுள் பக்கம், ஆர்டர் எடுக்கும் தொலைபேசி எண், ஸ்விக்கி, சொமேட்டோ கணக்குகள் ஆகியவையும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

பெயரின் எந்தப் பகுதி விற்கப்படுகிறது என்பதும் தெளிவாக வேண்டும். பெங்களூருவின் எம்டிஆர் பொட்டல உணவு நிறுவனத்தை நார்வேயின் ஓர்க்லா 2007இல் வாங்கியது. எம்டிஆர் ஓட்டல்கள் பழைய குடும்பத்திடமே தொடர்ந்தன. சிறிய ஓட்டலிலும் இப்படிப் பிரியலாம். ஓட்டலை விற்றுவிட்டு அதே பெயரில் கேட்டரிங் தொழிலை விற்பவர் வைத்துக்கொண்டால், கல்யாண ஆர்டர்கள் அவரிடமே போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, விற்றவரே நூறு மீட்டர் தள்ளி இன்னொரு கடை திறப்பது. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஆனால் அதே பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது: குட்வில்லை விற்றவர், நியாயமான எல்லைக்குள் அதே தொழிலைச் செய்யாமலிருக்க ஒப்புக்கொள்ளலாம். எல்லை எதுவென்று ஒப்பந்தத்தில் குறிப்பிட வேண்டும். ஒரே ஊரை நம்பிய தொழிலில், ‘இந்த நகராட்சி எல்லைக்குள் இத்தனை வருடம்’ என்ற ஒரு வரி குட்வில்லுக்குக் கொடுத்த பணத்தைக் காப்பாற்றும். அந்த வரி இல்லாத ஒப்பந்தத்தில் குட்வில்லுக்குப் பணம் கொடுப்பதில் பொருளே இல்லை.

பின்னாலேயே வரும் பாக்கிகள்

தொழிலை வாங்குபவர் அதன் பழைய கடனையும் சேர்த்து வாங்கிவிடக்கூடும். ஜிஎஸ்டி சட்டத்தின் 85ஆம் பிரிவின்படி, தொழில் கைமாறும் நாள்வரையிலான வரி, வட்டி, அபராதத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு. அந்தத் தொகை பிறகு தீர்மானிக்கப்பட்டாலும் பொறுப்பு மாறாது. வருங்கால வைப்புநிதி பாக்கிக்கும் இதே நிலைதான்: 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17பி பிரிவு, வாங்கிய சொத்தின் மதிப்பு வரை வாங்கியவரையும் பொறுப்பாக்கியது. பழைய உரிமையாளரின் மின்கட்டண பாக்கியைப் புதியவரிடம் வசூலிக்க விதிகள் இடம் தருவதை, கே.சி.நினன் எதிர் கேரள மாநில மின்வாரியம் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்றுக்கொண்டது. மளிகைக் கடை, பால்காரர், காய்கறி மண்டி ஆகியோரின் பாக்கி சட்டப்படி வாங்குபவரைச் சேராவிட்டாலும், மறுநாள் சரக்கு வர வேண்டுமானால் அவர்களிடமும் முன்பே பேசித்தான் ஆக வேண்டும்.

உரிமங்கள் தனிக் கதை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தை, உரிமையாளர் இறந்தால் வாரிசுக்கு மாற்ற விதிகளில் வழி இருக்கிறது. விற்பனைக்கு அது பொருந்தாது. வாங்குபவர் தன் பெயரில் புதிதாக எடுக்க வேண்டும். அந்த 14 இலக்க எண் பில்லிலும் இருக்க வேண்டும். உள்ளாட்சியின் தொழில் உரிமம், 1958ஆம் ஆண்டுத் தமிழ்நாடு உணவு நிறுவனங்கள் சட்டப்படியான பதிவு, மின் இணைப்பு, வணிக எரிவாயு இணைப்பு ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் மாற்ற வேண்டும். பழைய பெயரிலேயே ஓட்டிக்கொள்ளலாம் என்ற யோசனை, உணவு ஒவ்வாமையோ தீ விபத்தோ நேர்ந்த நாளில் வாங்கியவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும்.

பணம் கொடுக்கும் முறை

மொத்தப் பணத்தையும் சாவி வாங்கும் நாளில் கொடுக்கக் கூடாது. ஒரு சிறு தொகையை முன்பணமாகக் கொடுத்துக் கணக்குகளைப் பார்க்க ஒரு மாதம் கேட்கலாம். ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது பெரும்பகுதி; மிச்சத்தில் ஒரு பங்கை, வரி, மின்சாரம், வைப்புநிதி பாக்கி இல்லை என்று தெளிவாகும்வரை ஆறு மாதமோ ஓராண்டோ நிறுத்திவைக்கலாம். விற்பவர் சில வாரம் கடையிலேயே இருந்து வாடிக்கையாளர்களையும் சரக்குக் கடைக்காரர்களையும் அறிமுகம் செய்ய வேண்டும் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். முதல் ஆறு மாதம் மெனுவையோ விலையையோ பலகையையோ மாற்றாமல் இருப்பது வாங்குபவரின் பங்கு. வாடிக்கையாளர் பழைய ருசிக்குத்தான் வருகிறார்.

உண்மையான விற்பனையைக் கணக்கில் காட்டி, வரி கட்டி, தொழிலாளர்களின் பாக்கியைத் தீர்த்துவைத்த ஓட்டல்காரரும் இதில் தோற்றுவிடக் கூடாது. அப்படிப்பட்ட கடைக்குக் கூடுதல் விலை கொடுப்பது நியாயம். அரசும் ஒன்று செய்யலாம். ஒரு சிறு தொழில் விற்பனையாகும்போது ஜிஎஸ்டி, மின்சாரம், வைப்புநிதி, உள்ளாட்சி வரி ஆகியவற்றின் பாக்கி நிலவரத்தை ஒரே சான்றாகத் தரும் வசதியையும், உணவு உரிமத்தை விற்பனையின்போதும் மாற்றிக்கொள்ளும் வழியையும் மாவட்டத் தொழில் மையங்கள் மூலம் ஏற்படுத்த வேண்டும். நாணயமாக நடத்தியவருக்கு நல்ல விலை கிடைக்கவும், வாங்குபவரின் சேமிப்பு பிழைக்கவும், இருபது பேரின் வேலை நிலைக்கவும் அது உதவும்.

அந்த வசதி வரும்வரை, ஓட்டல் வாங்க நினைப்பவர் அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஒரு ஆடிட்டரையும் ஒரு வழக்கறிஞரையும் பார்த்துவிட வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் கட்டணம் மொத்த விலையில் மிகச் சிறிய பங்கு. இடமும் கையும் பெயரும் எழுத்தில் வந்துசேராத ஓட்டலை, எவ்வளவு குறைந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.